சுவருக்குள் இரண்டு கறைகள்

பிரெஞ்சு பேசும் இல்-பிசார் தீவின் பழைய பண்ணை வீட்டுச் சமையலறைச் சுவரில் காலை வெயில் விழுந்திருக்கிறது. இரவு வேலை முடிந்து நேரே வந்த எனக்குக் கண் எரிகிறது. கிழவர் றொசேரின் மகள் இந்தச் சுவரை இன்றைக்கே இடிக்கச் சொல்லிவிட்டாள். என்னோடு இடிக்க வந்த அருமைராசா அண்ணை சுத்தியலால் மூன்று தரம் தட்டுகிறார். “உள்ளுக்கை வெறுமையடா.” மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த கிழவரின் வாய் அப்படியே நிற்கிறது. மூச்சும் நிற்கிறது. பலகையைக் கழற்றினால், ஓர் ஆள் மட்டும் குந்தக்கூடிய இருட்டு. பின்பலகையில் தலை பட்டுப் பட்டுக் கறுத்து மினுங்கும் இரண்டு கறைகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. கிழவர் பிரெஞ்சில் சொல்வதை நான் அண்ணைக்குத் தமிழில் சொல்கிறேன். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தபோது அவருடைய அப்பா இதற்குள் ஒளிந்தாராம். இரண்டாவதில் அப்பாவே மகனான இவரை இதற்குள் விட்டாராம். தீவில் இளந்தாரி இருந்த வீடுகளிலெல்லாம் இப்படி ஒன்று இருந்ததாம். ஆட்கள் வந்தால் அம்மா மூன்று தரம் தட்டுவாளாம், மூச்சு விடாதே என்று. “மன்னாரிலை ஆமி வரேக்கை என்னை அம்மா கருவாட்டுச் சாக்குகளுக்குக் கீழை ஒளிச்சவ. மூண்டு நாள் நாறினனான்,” என்கிறார் அண்ணை. நான் அதைப் பிரெஞ்சில் சொல்கிறேன். கிழவர் சிரிக்கவில்லை. இடியுங்கள், அதற்கு முன் ஒருமுறை இருந்து பார்க்கிறேன், மூடுங்கள் என்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே குந்துகிறார். ஐம்பது வருடம் கழித்தும் அவர் தலை கீழ்க்கறையில் அச்சாகப் பொருந்துகிறது. அண்ணை பலகையை மூடி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஜன்னல் வழியே வீதியைப் பார்க்கிறார். “ஆரண்ணை வரப்போறாங்கள்?” “கதையாதை.” விசர் வேலைதான். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு வீதியைப் பார்க்கிறேன்.