தட்டில் விழுந்த கற்கள்

போன வருடம் என் கணவர் முதுகுவலியோடு நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்தார். டியூட்டி டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கிட்னியில கல்லுதான் சிஸ்டர். தண்ணி நிறைய குடிச்சா தானா போயிடும்."

கேட்டைத் தாண்டுவதற்குள் வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வெடித்து, அவர் போய்விட்டார்.

இன்று அதே குழாய் வெடித்து, அந்த டாக்டர் ஆபரேஷன் மேஜையில் கிடந்தார். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் நான்.

சர்ஜன் வயிற்றைத் திறந்து, குழாயை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் கேட்டார். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கொடுத்தேன். அது மூடவில்லை. குழாய்க்குள் தடுத்ததை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். டங்கென்று விழுந்தது.

கல். அதில் ஒரு சொட்டு ரத்தம்கூட ஒட்டியிருக்கவில்லை.

வேறு கிளாம்ப் கொடுத்தேன். அதுவும் மூடவில்லை. இன்னொரு கல். உள்ளிருந்து வெளியே வரும் எதையும் எண்ணுவது என் வேலை, எண்ணினேன். பத்தொன்பதாவது கல் விழுந்தபோது மானிட்டரில் கோடு நேரானது.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே! ரத்தக்குழாய்க்குள்ள எப்படி கல்லு வரும்?" என்றார் சர்ஜன்.

நான் தட்டைத் துணியால் மூடினேன்.

"தண்ணி நிறைய குடிச்சிருந்தா தானா போயிருக்கும் டாக்டர்."