சொந்தம் என்றொரு ஃபைல்

“அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்போயிடும்.”

பால்கனியில் நின்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த கணவர், ஈரத்துணி வாளியோடு மனைவி வருவதைப் பார்த்ததும் சட்டென்று வைத்துவிட்டார். எதிர்முனையில் பேசியது பெண்குரல் என்பது வரைக்கும் அவள் காதில் விழுந்திருந்தது.

“யாருங்க?”

“ஆபீஸ்ல.”

லீவு நாளில் ஆபீஸில் யார்? அவள் துணியை உதறிய உதறலில் கிளிப்புகள் நாலு பக்கமும் தெறித்தன.

மறுநாள் காலை அவர் டயாலிசிஸுக்குக் கிளம்பியதும் லேப்டாப்பைத் திறந்தாள். மனிதர் கணக்காளர். பால், பள்ளிக்கூட வேன், கரண்ட் என்று எல்லாவற்றுக்கும் ஓர் எக்ஸெல் ஃபைல் வைத்திருப்பார். எதற்கும் பூட்டு கிடையாது. ‘சொந்தம்’ என்ற புது ஃபைல் மட்டும் பாஸ்வேர்டு கேட்டது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பிக்குப் போன் போட்டாள்.

“திறக்கும்போதே கேக்குதாக்கா? அப்ப மொத்த ஃபைலையும் என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்காரு. கட்டத்தை மட்டும் பூட்டியிருந்தா நானே கழட்டிடுவேன். இது பாஸ்வேர்டு தெரியாம திறக்காது.”

“அப்படி என்னடா ஒளிச்சு வச்சிருப்பாரு?”

“மாமாவைப் போய்ச் சந்தேகப்படுறியே. பாவம், உடம்புக்கு முடியாத மனுஷன்.”

“முடியாத மனுஷன்தான். பொய் மட்டும் சொல்ல முடியுதே.”

ஒரு வருஷமாக ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவள் அவள். கிட்னி கொடுக்க அவர் வீட்டு ஆட்கள் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள்; அவளும் கொடுத்தாள். ஒருத்தருடையதும் சேரவில்லை என்று, ரிசல்ட் வாங்கிவந்த அவரே சொன்னபோது உடைந்து அழுதவளும் அவள்தான். அதற்கு இதுவா பலன்?

மகள் பெயரை அடித்தாள். திறக்கவில்லை. கல்யாணத் தேதியும் இல்லை.

“அந்தப் போன்காரி பேரு தெரிஞ்சா அதையும் போட்டுப் பாக்கலாம்” என்று பல்லைக் கடித்தாள்.

“உன் பேரு?”

“அதுவும் ஆச்சு.”

“மாமா உன்னை வேற எப்படியாவது கூப்பிடுவாரா?”

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கோபத்தில் அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும்போது மட்டும் அவர் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. தம்பியிடம் சொல்லாமல், ‘மூஞ்சூறு’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள்.

திறந்துகொண்டது.

சின்னப் பட்டியல். அண்ணன், தங்கை, சித்தப்பா மகன் என்று வரிசையாக, ஒவ்வொருவருக்கும் எதிரே ‘சேரவில்லை’. கடைசி வரிக்கு எதிரே மட்டும் ஒரு குறிப்பு: ‘சொல்ல வேண்டாம். தங்கையும் வாய் திறக்க மாட்டாள். பாப்பாவுக்கு ஒருத்தராவது முழுசாக மிஞ்ச வேண்டும்.’

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

“அக்கா, லைன்ல இருக்கியா? நிஜமாவே பொம்பளை விஷயமா?”

“ஆமாடா.”

“யாருக்கா அவ?”

“நான்தான்டா. என் கிட்னி அவருக்குச் சேருதாம்.”