சூசையம்மாளுக்கு ஒரு மெழுகுவத்தி

மாமியாரின் பெயரை மனைவியே சுண்ணாம்பு பூசி அழிப்பதைப் பார்த்து, தோமினிக் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் இன்னாசிமேரி தன் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடிப்பாள். சிலுவையில் கறுப்பு பெயிண்டால் பெயர் எழுதுவது தோமினிக்கின் வேலை.

“இன்னாசி, பேர் மேலேயே பூசுற.”

“தெரிஞ்சுதாங்க பூசுறேன். காஞ்சதும் சூசையம்மாள்னு எழுதுங்க.”

தோமினிக்குக்குப் புரிந்துவிட்டது.

மலேசியாவிலிருந்து மெர்லின் என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய தாத்தா இந்த ஊரிலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவர். விட்டுப்போன அம்மா சூசையம்மாளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அம்மா கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏத்தலையே என்று சாகும்வரை புலம்பினாராம்.

“சூசையம்மாளின் கல்லறை யாருக்காவது தெரியுமா?” என்று ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் கேட்டார்.

“எனக்குத் தெரியுங்க சாமி” என்று எழுந்தவள் இன்னாசிமேரி ஒருத்திதான்.

அவள் காட்டப்போகிற கல்லறை இது என்று தோமினிக் அன்று நினைக்கவில்லை.

“அந்தப் பொண்ணு ரெண்டு தைலப் பாட்டிலும் ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்துச்சு. அதுக்காகப் பெத்த தாயையே மாத்திட்டியா?”

இன்னாசிமேரி மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தாள். “நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப எழுதுங்க.”

எழுதினார். கோபத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது.

மறுநாள் மாலை, வாழப்பாடியில் வாங்கிய மாலையோடு மெர்லின் வந்தாள். சிலுவைக்கு மாலையைப் போட்டுவிட்டு, செல்போனில் தன் பிள்ளைகளுக்குக் கல்லறையைக் காட்டினாள்.

“நல்லா பாருங்க. தாத்தாவோட அம்மா இங்கதான் இருக்காங்க. வளர்த்த ஆட்டை வித்து, தாத்தாவுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்து அனுப்பினாங்கன்னு சொல்வேன்ல, அவங்கதான்...”

மேலே பேச முடியாமல், மண்டியிட்டு மெழுகுவத்தியை ஏற்றினாள்.

தோமினிக்குக்கு நெஞ்சு உறுத்தியது. “ஏம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம்...” என்று முன்னால் வந்தார்.

“காத்து அடிக்குது. மெழுகுவத்தி அணையாம மறைச்சு நில்லுங்க” என்று இன்னாசிமேரி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மெர்லின் இன்னாசிமேரியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமியாரிடம் விடைபெறப் போனாள்.

“செத்தவங்க விஷயத்துல பொய் சொல்லலாமா? பாவசங்கீர்த்தனத்துல என்னன்னு சொல்லுவ?” என்றார் தோமினிக்.

“பொய் இல்லைங்க. இது சூசையம்மாவோட குழிதான்.”

“அப்ப உங்கம்மா?”

“அவங்களும் இதுலதான் இருக்காங்க. எங்கம்மாவும் அப்பாவும் இந்த ஊருக்குக் கிணறு வெட்ட வந்தவங்க. இங்க குடும்பத்துக்கு ஒரு இடம்னு பிரிச்சிருக்கு. அம்மா செத்தப்ப, பொழைக்க வந்தவங்களுக்கு ஏது இடம்னு கேட்டாங்க. ‘சூசையம்மா மகன் மலேயா போயிட்டான், இனிமே யார் வரப்போறாங்க, அந்தக் குழியிலேயே வைங்க’ன்னு அப்ப இருந்த சாமியார் சொல்லிட்டாரு. நான் அப்ப சின்னப் பொண்ணு. அடுத்தவங்க குழின்னு உங்ககிட்டச் சொல்லவும் கூச்சமா இருந்துச்சு.”

தோமினிக் சிலுவையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“ரெண்டு பேரையும் எழுதியிருக்கலாமே இன்னாசி.”

“அந்தப் பொண்ணு அவ்வளவு தூரத்துல இருந்து வருது. இத்தனை வருஷமா அவங்க இடத்துல எங்கம்மா படுத்திருக்குது. சொந்தக்காரங்க வர்ற அன்னைக்காவது எழுந்து நிக்க வேண்டாமாங்க?”