இடப்பக்கத்து மல்லிகை

"பூவை இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுத்து விடுடி. இடப்பக்கம்."

சொன்னதோடு நிற்காமல் ஜலஜாட்சியே மகள் அக்ஷதாவின் மல்லிகைச் சரத்தைக் கன்னத்தோரம் இழுத்துவிட்டாள். இழுத்த வேகத்தில் நாலு மொட்டு உதிர்ந்தது.

"கண்ணு தெரியணுமா, வேணாமாம்மா?"

"கண்ணு தெரியட்டும். தாடை தெரியக் கூடாது."

தாடையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு எலும்பு புடைத்திருந்தது. பல்வலி என்று போன மாதம் மங்களூருக்குப் போனபோது டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்புக்குள்ளே முளைக்காத பற்கள் வேறு நாலு.

"இது பல்லு சமாச்சாரம் இல்லைம்மா. குடல்ல நூத்துக்கணக்கில சதை முளைக்கிற பரம்பரை வியாதியா இருக்கலாம். விட்டா புத்துநோய்தான். இந்த மாதிரித் தாடை, ஊர் முழுக்கத் தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது. குடும்பத்துல யாருக்காவது வயித்து வியாதி உண்டா?"

"ஏழு தலைமுறைக்கு இல்லை" என்று அடித்துச் சொன்னாள் ஜலஜாட்சி. அவர்கள் சாதியில் குடும்பம் என்றால் தாய்வழிக் குலம்தான். மகளின் பெயருக்குப் பின்னால் வரும் சாலியான்கூட அம்மா வழியில் வந்ததே.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் புருஷன் ஞாபகம் வந்தது. மழையோடு பம்பாயிலிருந்து வருவான், மழை விட்டதும் போய்விடுவான். நாற்பத்திரண்டு வயதில், அங்கேயே வயிறு வீங்கிச் செத்தான். சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எக்ஸ்ரே படத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். கல்யாணம் முடியட்டும், மறுநாளே குடலைப் பார்த்துவிடலாம்.

கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அண்ணன் சஞ்சீவா குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "நாங்க சாலியான், நீங்க பங்கேரா. குலம் வேற வேற. அப்புறம் என்ன தடை? ஆமா, மாப்பிள்ளைக்கு எதுக்கு இத்தனை தாடி? பம்பாயில சவரக்கத்திக்குப் பஞ்சமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை ரித்தேஷ் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டான்.

"மழை பிடிச்சுக்கிச்சே" என்றாள் அவன் அம்மா குலாபி. "எங்க வீட்டுக்காரரு இருந்தா, இடி இடிச்ச உடனே நடவு நடவுன்னு எங்களைப் பம்பாயில விட்டுட்டு ஊருக்கு ஓடிவந்திருப்பாரு. கொடுத்து வைக்கலை, போய்ச் சேர்ந்துட்டாரு."

அக்ஷதா நீர்தோசை பரிமாறக் குனிந்தாள். சரம் நழுவியது.

குலாபி அதைச் சரிசெய்யக் கை நீட்டினாள். விரல்கள் தாடையில் பட்டு, அங்கேயே நின்றன.

"ஜலஜக்கா, உள்ள வாங்க. கொஞ்சம் பேசணும்."

சமையலறைக்குள் வந்ததும் ஜலஜாட்சி முந்திக்கொண்டாள். "அது வெறும் பல்லு வீக்கம் அக்கா."

"பொய் சொல்லாதீங்க. குடல்ல கேமரா விட்டுப் பாத்தாச்சா?"

ஜலஜாட்சி அரிசி டிரம்மைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தம் போயிற்று. நாளைக்கே ஊரெல்லாம் பரவும்.

குலாபியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"என் பையன் தாடியை வழிச்சுப் பாருங்க, அங்கயும் இதே எலும்புதான். போன வருஷம் அவன் பெருங்குடலையே எடுத்தாங்க, பிழைச்சான். நாங்களும் மறைச்சுத்தான் பொண்ணு பாக்க வந்தோம்."

ஜலஜாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இன்னொரு தாடை கிடைக்காதுன்னாரே டாக்டர்! வீடு தேடி வந்திருக்கு பாருங்க! இனி யாரை யாரு குத்தம் சொல்றது?"

குலாபியும் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது.

"என் பையனுக்கு அவன் அப்பாகிட்டேருந்து வந்ததுன்னு சொன்னாங்க" என்றாள் மெதுவாக.

கதவிடுக்கு வழியே கூடத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே வரிசையாக மாலை போட்டுத் தொங்கியவை எல்லாம் தாய்மாமன்களின் படங்கள்; பெண்ணின் அப்பா படம் இல்லை. ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இவ அப்பா பேரு என்ன?"