ஜெட் தலைக்கு மேலே வரும்போது

“சத்தம் யாருக்காவது கேட்டுட்டா?”

“கேட்காது சார். ஜெட் தலைக்கு மேலே போறப்போ பக்கத்துல வெடி வெச்சாலும் தெரியாது. அவர் காதுக்குப் பக்கத்துலேயே வெச்சு முடிச்சுடலாம்.”

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுப்பா.”

“முதல் தடவை அப்படித்தான் இருக்கும். முடிச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி மேலே பார்த்துக்கிட்டு உட்காருங்க. இப்போ தலையைக் கொஞ்சம் குனிங்க, பின்னாடி ஒதுக்கணும்.”

“இது நமக்குள்ளேயே இருக்கட்டும்.”

“என் வீட்டுக்காரிகிட்டகூட மூச்சு விட மாட்டேன் சார்” என்று நூலகருக்கு வாக்குக் கொடுத்தார் சலூன்காரர். அவர் வீட்டுக்காரி பக்கத்து அறையில் பியூட்டி பார்லர் நடத்திவந்தாள். நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். நூலகரின் மனைவி புருவம் திருத்திக்கொள்வதும் அங்கேதான்.

அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டே விமான சாகச மைதானத்தின் வாசலில் வரிசையில் நின்றார் நூலகர். முன்னால் மனைவி. அவளுக்கும் முன்னால், ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூடத் தூக்காமல் கைவீசிக்கொண்டு அவளுடைய தம்பி.

ஏதோ ஓர் இன்டர்வியூ என்று, இரண்டு நாள் தங்கிப் போக வந்தவன். அன்று தொட்டியில் வைத்த செடி இப்போது மொட்டை மாடியை எட்டிப் பார்க்கிறது. நூலகரின் சாய்வு நாற்காலி அவனுடையதாகிவிட்டது. டி.வி. ரிமோட் அவன் தலையணைக்கடியில் தூங்குகிறது. காலையில் அவன் குளியலறைக்குள் போனால், நூலகர் வெளியே நின்றபடி செய்தித்தாளை ஒரு விளம்பரம் விடாமல் படித்து முடித்துவிடலாம்.

ஆனாலும் அவர் முகம் சுளித்ததில்லை. மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். அவன் தட்டு காலியாகும் முன்பே அடுத்த கரண்டி விழும். அவள் கண் கலங்கிவிட்டால் அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஆகவே அவளுக்குத் தெரியாமல்தான் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கே.

வாசலில் காவலர் அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது.

“என்ன சார் இது?”

நூலகருக்கு வியர்த்தது. மெதுவாக வெளியே எடுத்தார். தகர டப்பா நிறைய தொண்டை மிட்டாய்.

“சரி, போங்க.”

“மிட்டாயா அத்தான்? கொண்டாங்க” என்று மைத்துனன் டப்பாவை வாங்கினான். இருந்ததையெல்லாம் வாயில் கவிழ்த்துக்கொண்டு, காலி டப்பாவை மரியாதையாகத் திருப்பித் தந்தான்.

இதற்கும் சேர்த்துத்தான்டா இன்றைக்கு, என்று நூலகர் மனத்துக்குள் கருவிக்கொண்டார்.

மனைவி வாங்கியிருந்தது முதல் வரிசை டிக்கெட். “ரன்வே பக்கத்துலேயே எடுத்தேங்க. இங்கேதான் சத்தம் நல்லா இருக்குமாம்” என்றாள். பிறகு, “தம்பி, நீ எங்க நடுவுல உட்காரு” என்றாள். நூலகருக்குச் சௌகரியமாகப் போயிற்று. கூடவே, ஒன்றும் அறியாத இவள் பக்கத்திலிருக்கும்போதா என்று மனம் கொஞ்சம் குறுகுறுத்தது.

முதலில் பழைய போர் விமானங்கள் வந்தன. இரட்டை இறக்கை விமானம் ஒன்று தையல் மிஷின் மாதிரி கடகடத்துக்கொண்டு போனது. அதன் பின்னே, எந்தக் காலத்திலோ குண்டு போட்ட ஒரு கிழட்டு விமானம், இருமி இருமிப் புகை கக்கியது. இந்த இரைச்சல் போதாது என்று நூலகர் கணக்குப் போட்டார்.

“இதெல்லாம் டீசல்ல ஓடுறது அத்தான். கிளட்ச் ரொம்ப டைட்டா இருக்கும்.”

“அப்படியா மாப்பிள்ளை.” ஆசை தீரப் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்து சிவப்பு ஜெட் அணி. கூட்டமாக மேலே ஏறிப் பிரிந்து, வெள்ளைப் புகையால் வானத்தில் ஓர் இதயம் வரைந்தது. தம்பியின் தலைக்கு மேலாக மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நேரத்தில் மனம் இளகக் கூடாது.

ஒலிபெருக்கி கரகரத்தது. “கடைசியா ஒரே ஒரு ஜெட். முழு வேகத்துல வருது. எல்லாரும் இடது பக்கம் பாருங்க. கண்ணைச் சிமிட்டினீங்கன்னா போச்சு.”

மொத்தக் கூட்டமும் இடது பக்கம் திரும்பியது. மைத்துனன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நூலகர் அவன் காதருகே மெல்லச் சாய்ந்தார். பேன்ட் பைக்குள் இருந்த வலது கை வெளியே வந்தது.

ஜெட் வந்தேவிட்டது.

வெறும் கையை வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, வாயைத் திறந்த நூலகர் திடுக்கிட்டார். தலைக்கு மேலே ஜெட் இருந்தது, சத்தத்தைக் காணோம். அந்த வேகத்தில் வரும் ஜெட் தன் சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டு வரும் என்று சலூன்காரர் சொல்லவே இல்லை. அவருடைய நூலகத்தில்கூட ஒருநாளும் வாய்க்காத அமைதியில் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஓர் அமைதியைக் குலைக்க அவர் தொழில் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்து, யாருக்கும் கேட்காமல் கத்தித் தீர்க்க வந்ததை விழுங்கி, வாயை மூடிக்கொண்டார்.

மைத்துனனின் மறு காதருகே, கண்களை இறுக மூடிக் கையைக் குவித்திருந்த அவர் மனைவி மட்டும் அந்த அமைதியைக் கவனிக்காமல், தொண்டை கிழியக் கத்தினாள்:

“டேய் தம்பி, ரெண்டு நாள்னுதானேடா சொல்லிட்டு வந்தே. அவர் நாற்காலியை அவருக்கு விட்டுட்டு எப்படா வீட்டைக் காலி பண்ணுவே?”