எதிர்வீட்டில் ஒரு சிரிப்பு

இடி விழுந்து வீட்டுக் காட்சிகளைப் பதிந்து வைக்கும் எங்கள் நினைவுப்பெட்டி கருகியது. மகள் நிறைமதியின் முதல் சிரிப்பு அதில்தான் இருந்தது. எங்கள் குடியிருப்பில், பெட்டிகளை இணைத்துக்கொண்ட வீடுகள்தாம் ஒன்றின் பதிவுகளுக்கு மற்றொன்று நகல் வைத்திருக்கும். எங்களோடு இணைந்திருந்தது எதிர்வீட்டு வச்சலா அக்கா மட்டும். மாடிக் கொடிக்கயிற்றுச் சண்டையில் பேச்சு நின்ற அன்றே அவள் வீட்டு நகல்களை நான் அழித்திருந்தேன். அவளும் என்னைப் போல அழித்திருப்பாளோ என்ற பயத்தோடு கதவைத் தட்டினேன்.

"அக்கா, நிறைமதியோட சிரிப்பு..."

"இருக்குடி. சண்டை உன்னோடதானே, அவளோடயா?"

போட்டுக் காட்டினாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, உங்க வீட்டு நகலையெல்லாம் நான்..."

"அழிச்சது தெரியும். அன்னைக்கே அறிவிப்பு வந்துச்சு. உட்காரு, காப்பி கலக்குறேன்."