அறுபது தை

"இத்தனை குழி எதுக்குங்க வெட்டியிருக்கீங்க?"

குரல் கேட்டுத் திரும்பிய எபிசனின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. வனத்துறை ஜீப் நின்றிருந்தது. பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் ரேஞ்சர் அம்மா. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று ஊரில் பேச்சு.

எபிசனின் ரப்பர் தோட்டம் எல்லைக் கல்லோடு முடிந்துவிடும். கல்லுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் காடு. ஆசை யாரை விட்டது? போன மாதம் காட்டில் அரை ஏக்கரை வெட்டி மொட்டையாக்கி, ரப்பர் நட அறுபது குழியும் தோண்டிவிட்டான். கன்றுகள் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் தயாராக இருந்தன.

"தை வைக்கதுக்கு மேடம்" என்று வாய் உளறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தையா? தை பிறந்தால் வழி பிறக்கும்னு சொல்வாங்களே, அந்தத் தையா?"

ஆகா, இந்த அம்மாவுக்கு நம்ம ஊர்ப் பேச்சே தெரியவில்லை! மரக்கன்றைத்தான் இந்தப் பக்கம் தை என்போம் என்று எபிசன் விளக்கினான். என்ன மரம் என்று கேட்டதற்கு, எதிரே நின்றவற்றைப் பார்த்து வேங்கை, மருது, நாவல் என்று அடுக்கினான். யாரோ பாவிகள் காட்டை வெட்டிப் போட்டுவிட்டார்களாம். பார்க்கப் பொறுக்காமல் இவனே மரம் வைக்கப் போகிறானாம்.

ரேஞ்சர் அம்மா நெகிழ்ந்துபோனார். குழிகளை எண்ணினார். எபிசனை நடுவில் நிறுத்திப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜாஸ்பினிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இந்த அம்மா இருக்கும்வரை இன்னும் ஒரு ஏக்கர்கூட எடுத்துவிடலாம் என்றான்.

"ஆப்பீசர் சிரிச்சா சூச்சிக்கணும், கேட்டியளா" என்று எச்சரித்தாள் ஜாஸ்பின். அவள் சொன்னது என்றைக்கு அவன் காதில் ஏறியிருக்கிறது?

சனிக்கிழமை காலையில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேர் இறங்கினார்கள். கூடவே வேங்கையும் மருதும் நாவலுமாக அறுபது கன்றுகள். அவனுடைய போட்டோ போட்ட பேனரில் 'காட்டின் காவலர் எபிசன்' என்று கொட்டை எழுத்து. சபைப் போதகர் வேறு வந்து, இப்படி ஒரு விசுவாசியைக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வாயைத் திறக்க முடியுமா? பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு முதல் வேங்கையை எபிசனே நட்டான். மாதாமாதம் தண்ணீர் ஊற்றி அவனே போட்டோ அனுப்புவான் என்று ரேஞ்சர் அம்மா மைக்கில் அறிவித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். கட்டன் சாயா கொடுத்துக்கொண்டிருந்த ஜாஸ்பின் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். பத்து மணிக்குள் அறுபது குழியும் நிறைந்துவிட்டது. அரை ஏக்கரும் போச்சு. அவன் முகம் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்தது.

வேன்கள் போனதும் மனதைத் தேற்றிக்கொண்டான். வெளியூர் அம்மா, பாவம், ஒன்றும் தெரியவில்லை. கேஸ் இல்லாமல் தப்பித்தோமே, அது போதும்.

ரேஞ்சர் அம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். இதுவரை இல்லாத ஒரு ராகம் அவர் பேச்சில் வந்திருந்தது.

"கேஸ் போட்டா பத்து வருசம் இழுக்கும் அண்ணே, பொன்னாடைக்கு ஒரு மணிக்கூர் போதும். வீட்டுக்குப் பொறத்த தார்ப்பாய்க்கு அடியில கெடக்க தைய அன்னைக்கே பாத்தாச்சு, வாடவிடாம கடையில திருப்பிக் குடுத்திருங்க. எனக்க அப்பா இங்க கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துல முப்பது வருசம் பால் வெட்டுனவரு, ரப்பர் தை வைக்க குழி எனக்குத் தெரியாதா?"